அஃபிலியேட் வெப்சைட்டை விற்கப் போறீங்களா? விலையை முதல்ல நீங்களே கணக்கு போடுங்க



"அஃபிலியேட் வெப்சைட் ஒண்ணு நடத்துறேன், மாசம் இவ்வளவு வருது, வித்தா எவ்வளவு கிடைக்கும்?" இதுக்கு வீடியோவுல வேகமா பதில் சொல்லியிருந்தேன். ஆனா கணக்கை ஓட்டமா சொன்னா மனசுல நிக்காது. பேனாவும் பேப்பரும் எடுத்து வெச்சுக்குங்க. இங்க ஒவ்வொரு படியா போடுவோம்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வரி. ஒரு பொருளைப் பத்தி நீங்க எழுதுறீங்க, கீழ அமேசான் மாதிரி ஒரு கடையோட லிங்க் குடுக்குறீங்க. படிச்சவர் அந்த லிங்க் வழியா போய் வாங்கினா கடை உங்களுக்குக் கமிஷன் தரும். அவருக்கு விலை கூடாது. இதுதான் அஃபிலியேட்.

நிலம் மாதிரி பார்க்காதீங்க, கொடிக்கால் மாதிரி பாருங்க

டெல்டாக்காரங்க விலை பேசும்போது மனசுல முதல்ல வர்றது வயல்தான். ஒரு மா நஞ்சை என்ன விலைக்குப் போகுதுன்னு கேட்டா, அந்த விலைக்கும் அதுல விளையுற நெல்லுக்கும் சம்பந்தமே இருக்காது. குறுவை போனாலும், சம்பா முழுகினாலும், மண்ணு அங்கேயே இருக்கும். அடுத்த வருஷம் விளையும், இல்லேன்னா மனையா போகும். அதனால நிலத்துக்கு விளைச்சலைத் தாண்டி ஒரு விலை இருக்கு.

வெப்சைட் அப்படி இல்லை. அதுக்குக் கீழ மண்ணு கிடையாது. ஆள் வர்றது கூகுள் அனுப்புறதால, காசு வர்றது கடைக்காரன் கமிஷன் தர்றதால. ரெண்டும் நம்ம கையில இல்லை.

சரியா ஒப்பிடணும்னா ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை பக்கம் இருக்கிற வெத்தலைக் கொடிக்காலைப் பாருங்க. அகத்தி ஊன்றி, கொடி நட்டு, பல மாசம் காத்திருந்தாத்தான் முதல் கிள்ளு. அப்புறம் கிள்ளக் கிள்ள வருமானம். ஆனா தினமும் ஆள் பார்க்கணும், தண்ணி கட்டணும், வாடல் நோய் வந்தா கொடி போச்சு. எல்லாம் நல்லா இருந்தாலும் ரெண்டு மூணு வருஷத்துல கொடிக்கு வயசாயிடும். பாதியில ஒருத்தர் அந்தக் கொடிக்காலை எடுத்துக்கிறேன்னு வந்தா, நீங்க நட்ட செலவைக் கேட்க மாட்டார். "இன்னும் எத்தனை கிள்ளு கிடைக்கும், ஒரு கிள்ளுக்கு என்ன மிஞ்சும்?" இந்த ரெண்டைத்தான் கேட்பார்.

வெப்சைட் விலையும் இதேதான். மாசம் மிஞ்சுறது × எத்தனை மாசம் நம்பலாம். இனி வர்ற எல்லாப் படியும் இந்த ரெண்டு எண்ணையும் நேர்மையா கண்டுபிடிக்கிறதுக்குத்தான்.

உதாரணம்

கும்பகோணத்துலேர்ந்து ஒருத்தர் வயல் கருவிகளைப் பத்தித் தமிழ்ல எழுதுறார்னு வெச்சுக்குவோம். பேட்டரி ஸ்ப்ரேயர், புல்வெட்டும் மெஷின், மோட்டார் ஸ்டார்ட்டர், நெல் காயப்போடுற தார்ப்பாய். மொத்தம் 60 கட்டுரை, வயசு மூணு வருஷம். இது கணக்குக்காக நான் போட்ட உதாரணம்தான், யாரோட வெப்சைட்டும் இல்லை.

படி 1: 12 மாச வரவை எழுதுங்க

மூணு மாசக் கணக்கு போதாது. ஏன்னு இந்தப் பட்டியலைப் பாருங்க:

- ஜனவரி 34,000
- பிப்ரவரி 30,000
- மார்ச் 18,000
- ஏப்ரல் 15,000
- மே 24,000
- ஜூன் 36,000
- ஜூலை 28,000
- ஆகஸ்ட் 30,000
- செப்டம்பர் 38,000
- அக்டோபர் 40,000
- நவம்பர் 22,000
- டிசம்பர் 21,000

மொத்தம் 3,36,000. மாசச் சராசரி 28,000 ரூபாய்.

ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மட்டும் எடுத்தா சராசரி 36,000. மார்ச், ஏப்ரல், மே எடுத்தா 19,000. ஒரே வெப்சைட்தான், ஆனா விக்கிறவர் சம்பா நடவுக் கணக்கைக் காட்டுவார். வாங்குறவர், "தம்பி, அதெல்லாம் சரி, பங்குனி சித்திரையில என்ன வந்துச்சுன்னு காட்டுங்க"ம்பார். ரெண்டு பேரும் சண்டை போடாம ஒத்துக்கக்கூடிய எண் 12 மாசச் சராசரி ஒண்ணுதான்.

எழுதும்போது ரெண்டு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, டேஷ்போர்டுல தெரியுற தொகையை எழுதாதீங்க. பொருளைத் திருப்பி அனுப்பிட்டா அந்தக் கமிஷன் கழிஞ்சிடும். கடைசியா உங்களுக்குக் குடுக்கணும்னு முடிவான தொகையை எடுங்க.

ரெண்டு, பேங்க்ல விழுந்த தொகையையும் அப்படியே எடுக்காதீங்க. கமிஷன்ல டிடிஎஸ் பிடிச்சிருப்பாங்க. அதுவும் உங்க வருமானம்தான், வரிக் கணக்குல உங்க பேர்ல இருக்கு. 26ஏஎஸ் பார்த்து அதைத் திரும்பக் கூட்டிக்குங்க.

படி 2: செலவைக் கழிங்க

மாசச் செலவு:

- டொமைன், ஹோஸ்டிங்: 1,000
- கீவேர்டு டூல்: 1,500
- எழுதித் தர்றவருக்கு ரெண்டு கட்டுரை: 3,000
- போட்டோ, சில்லறைச் செலவு: 500

மொத்தம் 6,000. 28,000ல கழிச்சா 22,000 மிச்சம்.

வருஷத்துக்கு ஒரு தடவை கட்டுற செலவை 12ஆல வகுத்துச் சேர்க்கணும். ஹோஸ்டிங்கை மூணு வருஷத்துக்கு மொத்தமா கட்டியிருந்தா 36ஆல வகுங்க. "இந்த வருஷம் கட்டலையே"ன்னு விட்டுட்டா, அதை வாங்குறவர் கண்டுபிடிப்பார். அப்போ மத்த எண்களையும் நம்ப மாட்டார்.

படி 3: உங்க உழைப்புக்கு ஒரு விலை போடுங்க

இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. விலை மாறினதைத் திருத்துறது, ஸ்டாக் இல்லாத லிங்க்கை மாத்துறது, கேள்விக்குப் பதில் சொல்றதுன்னு மாசம் 40 மணி நேரம் போகுதுன்னு வெச்சுக்குவோம். அதே வேலைக்கு ஒரு ஆளைப் போட்டா மணிக்கு 150 ரூபாய்னு 6,000 ஆகும்.

வெப்சைட் விக்கிற தளங்கள்ல முதலாளியோட உழைப்பைக் கழிக்காமத்தான் லாபம் காட்டுவாங்க. அதன்படி 22,000. ஆனா வாங்குறவர் தானே உட்காராம ஆள் வெச்சு நடத்தப் போறார்னா அவருக்கு மிஞ்சுறது 16,000தான். ரெண்டு எண்ணையும் கையில வெச்சுக்குங்க. பேரம் இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நடக்கும்.

படி 4: எத்தனை மாசம்?

புரோக்கர் தளங்கள்ல பொதுவா மாச லாபத்தை 20லேர்ந்து 40 வரைக்கும் ஒரு எண்ணால பெருக்குவாங்க. சின்ன வெப்சைட்டுன்னா 20க்குக் கீழயும் போகும். நம்ம உதாரணத்துக்கு முதல்ல 24னு வெச்சுப் பார்ப்போம்.

22,000 × 24 = 5,28,000 ரூபாய்.

இதோட நிறுத்திடாதீங்க. இந்த 24 தாங்குமான்னு நாலு சோதனை போடணும்.

சோதனை 1: தண்ணி எங்கேர்ந்து வருது?

மேட்டூர் அணை ஜூன் 12 திறக்கும்னு நம்பித்தான் குறுவைக் கணக்கு. 2024ல திறந்தது ஜூலை 28. ஆத்துத் தண்ணியை மட்டும் நம்பினவங்களுக்குக் குறுவை போச்சு, போர் வெச்சிருந்தவங்க நட்டாங்க.

வெப்சைட்டுக்கு ஆத்துத் தண்ணி கூகுள். 2023 செப்டம்பர்ல கூகுள் கொண்டுவந்த ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட்லயும், 2024 மார்ச் அப்டேட்லயும் உலகம் முழுக்க நிறைய சின்ன ரிவ்யூ தளங்களோட ட்ராஃபிக் சரிஞ்சது. 2024 ஆகஸ்ட்ல தேடல் பக்கத்துக்கு மேலேயே ஏஐ பதில் காட்டுறதும் இந்தியாவுக்கு வந்துச்சு. லிங்க்கைத் தட்டாமலே பதில் கிடைச்சா உங்க பக்கத்துக்கு யார் வருவா?

உங்க 100 வாசகர்ல எத்தனை பேர் கூகுள் வழியா வர்றாங்க, எத்தனை பேர் வெப்சைட் பேரை நேரா அடிச்சு வர்றாங்க, எத்தனை பேர் ஈமெயில் லிஸ்ட், வாட்ஸ்அப் சேனல் வழியா வர்றாங்கன்னு எழுதுங்க. பின்னாடி சொன்ன ரெண்டும்தான் உங்க போர் தண்ணி. அது அதிகமா இருந்தா 24க்கு மேல தைரியமா கேட்கலாம். கூகுள் மட்டும் 85, 90ன்னா கீழ வாங்க.

சோதனை 2: ஒரே கட்டுரையை நம்பியா?

60 கட்டுரை இருக்கு. ஆனா "எந்த பேட்டரி ஸ்ப்ரேயர் வாங்கலாம்"ங்கிற ஒரே கட்டுரை 28,000ல 11,200 கொண்டு வருதுன்னு வெச்சுக்குங்க, அதாவது 40%. நாளைக்கு அது மட்டும் தேடல்ல கீழ போயிட்டா?

16,800 வரவு, 6,000 செலவு, 10,800 மிச்சம். அதை 24ஆல பெருக்கினா 2,59,200. வரவு குறைஞ்சது 40%தான், ஆனா விலை பாதிக்குக் கீழ போயிடுச்சு. ஏன்னா செலவு குறையலை. வாங்குறவர் இந்தக் கணக்கைக் கண்டிப்பா போடுவார். நீங்க முன்னாடியே போட்டு வெச்சிருந்தா பேச்சு வார்த்தையில அசந்து போக மாட்டீங்க.

சோதனை 3: ஒரே கடையை நம்பியா?

அமெரிக்காவுல நடந்த ஒரு விஷயம். 2020 ஏப்ரல்ல அமேசான் அங்க அஃபிலியேட் கமிஷனைக் குறைச்சுது. தோட்டச் சாமான், வீட்டுச் சாமான் பிரிவுல 8% இருந்தது 3% ஆச்சு. மளிகை 5%லேர்ந்து 1%. எழுதுறவங்க ஒரு தப்பும் செய்யலை, ட்ராஃபிக்கும் குறையலை. ஒரு அறிவிப்புல வருமானம் இறங்கிடுச்சு.

நம்ம உதாரணத்துக்கு அதே வெட்டு விழுந்தா: 28,000ல எட்டுல மூணு பங்கு 10,500. செலவு போக மிச்சம் 4,500. 24 மாசத்துக்கு 1,08,000. அஞ்சே கால் லட்சம் சொன்ன வெப்சைட் ஒரு லட்சத்துக்கு வந்துடுச்சு.

விக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே ரெண்டாவது, மூணாவது கடையோட லிங்க்கும் சேர்த்து, அதுலேர்ந்தும் கமிஷன் வந்ததுக்குக் கணக்கு காட்டினா இந்தப் பயம் பாதி குறையும்.

சோதனை 4: எது கைமாறும், எது மாறாது?

டொமைன் மாறும், கட்டுரைகள் மாறும், ஈமெயில் லிஸ்ட் மாறும். அமேசான் அஃபிலியேட் அக்கவுண்ட் வெப்சைட்டோட சேர்ந்து போகாது. வாங்குறவர் சொந்தமா அக்கவுண்ட் எடுத்து ஒவ்வொரு லிங்க்லயும் தன்னோட ஐடியை மாத்தணும். அந்த வேலையை யார் செய்யுறதுன்னு முன்னாடியே பேசிடுங்க.

யூடியூப் சேனல் வெச்சிருக்கிறவங்க இன்னும் கவனமா இருக்கணும். சேனல்லேர்ந்து வெப்சைட்டுக்கு ஆள் வந்துக்கிட்டு இருந்து, நீங்க வெப்சைட்டை மட்டும் வித்தா, அந்த ஆள் வரத்து நின்னு போகும். அந்த வருமானத்தைக் கழிச்சுட்டுத்தான் விலை சொல்லணும். சேனலையும் சேர்த்து வித்தாலும், அதுல பேசுறது உங்க முகமும் குரலும்னா வேற ஆளுக்கு அதே மரியாதை கிடைக்காது.

வாங்குறவர் பக்கம் உட்கார்ந்து பாருங்க

5,28,000 குடுத்து வாங்குறார். மாசம் 22,000 மாறாம வந்தா 24 மாசத்துல போட்ட பணம் திரும்பும். ஆனா பார்க்க ஆள் இல்லாத கொடிக்கால் மாதிரி வருமானம் மாசம் 3% தேய்ஞ்சா?

24 மாசத்துல அவர் கைக்கு வர்றது சுமார் 3,80,000தான். முழுப் பணத்தையும் எடுக்க 42 மாசம் ஆகும். 3,80,000ஐ 22,000ஆல வகுத்தா 17 சொச்சம். அதனாலதான் சமாளிக்கத் தெரிஞ்ச வாங்குறவர் 24னு சொன்னா தலையாட்ட மாட்டார், 17, 18ன்னு ஆரம்பிப்பார். அவர் உங்களை ஏமாத்தலை, அவரோட கணக்கு அது.

உங்க வெப்சைட் தேயுதா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. இந்த வருஷ மொத்தத்தையும் போன வருஷ மொத்தத்தையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. கூடியிருந்தா 24 நியாயம். அப்படியே இருந்தா 20. குறைஞ்சிருந்தா 18, அதுக்கும் கீழ.

நம்ம உதாரணம் கூகுளை நம்பியிருக்கு, ஒரு கட்டுரையை நம்பியிருக்கு. அதனால 18.

- உழைப்பைக் கழிக்காம: 22,000 × 18 = 3,96,000
- உழைப்பையும் கழிச்சா: 16,000 × 18 = 2,88,000

கேட்குற விலை 5,28,000லேர்ந்து ஆரம்பிக்கலாம், நியாய விலை 4 லட்சத்தை ஒட்டி, 2,88,000க்குக் கீழ வந்தா எழுந்து வந்துடலாம். பேச உட்காருறதுக்கு முன்னாடி இந்த மூணு எண்ணும் பேப்பர்ல இருக்கணும்.

அப்போ விக்கலாமா, வேண்டாமா?

"நாலு லட்சத்தை 7% எஃப்டியில போட்டா மாசம் 2,300 ரூபாய்தான் வட்டி. இப்போ 22,000 வருதே, யாராவது விப்பாங்களா?" நியாயமான கேள்விதான்.

ஆனா இது நிலத்துக்கான கணக்கு. மாசம் 22,000 காலாகாலத்துக்கும் வரும்னா, 7% வட்டிக்கு அதோட மதிப்பு 37 லட்சத்துக்கு மேல. யாரும் அந்த விலை தராததுக்குக் காரணம், காலாகாலத்துக்கும் வராதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

சரியான கேள்வி வேற. விக்காம வெச்சிருந்தா, எதுவும் குறையலேன்னா, 18 மாசத்துல அதே 3,96,000ஐ நீங்களே சம்பாதிச்சிடுவீங்க, வெப்சைட்டும் கையில இருக்கும். ஆனா அதுக்கு 720 மணி நேரம் உழைக்கணும், நடுவுல கூகுளோ கடையோ கை வைக்கிற ரிஸ்க்கையும் நீங்கதான் சுமக்கணும். அந்த உழைப்பையும் ரிஸ்க்கையும் இன்னொருத்தர் தலையில ஏத்திட்டு, 18 மாச வருமானத்தை இன்னைக்கே கையில வாங்கிக்கிறதுதான் விற்பனை.

இந்த மூணுல ஒண்ணு உண்மைன்னா விக்கிறது சரி: மாசம் 40 மணி நேரம் இனி உங்களால ஒதுக்க முடியாது, அல்லது வருமானம் தொடர்ந்து இறங்குது, அல்லது அதிக வட்டிக் கடன் ஒண்ணு கழுத்தை நெரிக்குது, இந்தப் பணத்தால அது முடியும். மூணும் இல்லேன்னா வெச்சுக்குங்க. சும்மா வந்த முதல் ஆள் கேட்டார்னு விக்காதீங்க.

யாருக்கு விக்கிறோம்ங்கிறதும் விலைதான்

2011ல பிரையன் லாம் ஆரம்பிச்ச வயர்கட்டர்ங்கிற அமெரிக்கப் பொருள் ரிவ்யூ தளத்தை 2016ல நியூயார்க் டைம்ஸ் சுமார் 3 கோடி டாலர் குடுத்து வாங்குச்சு. அதோட வருமானமும் முக்கியமா அஃபிலியேட் கமிஷன்தான். வாங்கினது யாருன்னு பாருங்க. ஏற்கெனவே லட்சக்கணக்கான வாசகர்களை வெச்சிருக்கிற பத்திரிகை. கூகுள் ஆள் அனுப்பலேன்னாலும் அவங்களால அனுப்ப முடியும்.

நம்ம அளவுக்கு யோசிச்சா, தஞ்சாவூர்லயோ மன்னார்குடியிலயோ விவசாயக் கருவிக் கடை நடத்துறவருக்கு இந்த வெப்சைட் வேற விலை. உங்களுக்கு ஒரு ஸ்ப்ரேயருக்குக் கமிஷன்தான் வருது. அவருக்கு மொத்த லாபமும் வரும், சர்வீஸ் வேலையும் வரும். அதனால புரோக்கர் தளத்துல போடுறதுக்கு முன்னாடி, உங்க வாசகர்கள் யாருக்கு நேரடி வாடிக்கையாளரா ஆவாங்கன்னு ஒரு பட்டியல் போட்டு, பத்துப் பேர்கிட்ட நேர்ல பேசுங்க.

வரியும் கைமாற்றமும்

வெப்சைட்டை நீங்களே உருவாக்கினதால, வாங்கின விலைன்னு கழிக்க ஒண்ணும் இருக்காது. வித்த தொகை கிட்டத்தட்ட முழுசும் லாபமாத்தான் பார்க்கப்படும். ரெண்டு வருஷத்துக்கு மேல வெச்சிருந்து, அது நீண்டகால மூலதன லாபமா எடுக்கப்பட்டா 12.5% வரி. 3,96,000க்கு 49,500, செஸ் தனி. உங்க கேஸ்ல அது மூலதன லாபமா, தொழில் வருமானமா, ஜிஎஸ்டி வருமான்னு கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட கேளுங்க. விலை பேசி முடிச்சப்புறம் கேட்டா லேட்.

கைமாற்றத்துக்கு நாலு விதி:

1. ஸ்கிரீன்ஷாட் அனுப்பாதீங்க. அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் ரெண்டுலயும் பார்க்க மட்டும் அனுமதி குடுங்க. நம்பிக்கை அங்கதான் வரும்.
2. பணம் எஸ்க்ரோல, அதாவது நடுவுல ஒரு மூணாவது அமைப்புகிட்ட விழுந்தப்புறம்தான் டொமைனை மாத்தணும்.
3. எத்தனை நாள் கத்துக்குடுப்பீங்க, அதே தலைப்புல எத்தனை வருஷம் வேற வெப்சைட் ஆரம்பிக்க மாட்டீங்கங்கிறது எழுத்துல இருக்கணும்.
4. எழுதிக் குடுத்தவங்ககிட்ட கட்டுரை உரிமை உங்களுக்குத்தான்னு எழுதி வாங்கிக்குங்க. போட்டோவும் அப்படித்தான்.

இன்னைக்கே செய்ய வேண்டியது

விக்கிற எண்ணம் இப்போ இல்லேன்னாலும் ஒரு வெள்ளைத்தாள்ல ஆறு வரி எழுதி வைங்க: 12 மாசச் சராசரி வரவு, மாசச் செலவு, உங்க உழைப்பு மணி, கூகுள் பங்கு எத்தனை சதவீதம், முதல் கட்டுரையோட பங்கு எத்தனை, பெரிய கடையோட பங்கு எத்தனை. ஆறு மாசம் கழிச்சு அதையே திரும்ப எழுதுங்க. கடைசி மூணு எண்ணும் குறைஞ்சிருந்தா, வருமானம் ஒரு ரூபாய் கூடலேன்னாலும் உங்க வெப்சைட்டோட விலை கூடியிருக்குன்னு அர்த்தம்.

உங்க எண்களைப் போட்டுப் பாருங்க.